பிடித்த பணம் யாருடையது?

அடைக்கலப் பொருளைக் காப்பது தமிழர்தம் அறங்களுள் தலையாயது என்று மேடைதோறும் பேசி வருகிறோம். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். கவுந்தியடிகள் தன்னிடம் ஒப்படைத்த கண்ணகிக்கும் அவள் கணவனுக்கும் நேர்ந்த கேட்டைப் பொறாது, இடையர்குல மாதரி தீயிற் புகுந்து உயிர் துறந்தாள் என்பதைத் தமிழ்ச் சங்க விழாக்களில் உருக்கத்தோடு எடுத்துரைக்கிறோம். மாதரி எதையும் கவரவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை. தன் பொறுப்பில் விடப்பட்டதைக் காக்க அவளால் இயலவில்லை, அவ்வளவே. அதற்கே அவள் தன்னை மன்னிக்கவில்லை.

இக்கட்டுரை காப்பியத்தைப் பற்றியதன்று. தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை மாதந்தோறும் எடுத்துச் செலவிட்டுவிட்டு, தீயில் அன்று, பஞ்சணையில் நிம்மதியாகச் சாய்வோரைப் பற்றியது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்த பணத்தைச் செலுத்தவேண்டிய இடத்திற் செலுத்தாத தொழில்தருநர்களையும், அச்செயலை வெறும் 'நிலுவை' என்று மென்மையாகப் பெயரிட்டழைக்கும் நமது சட்டத்தையும், இரண்டையும் பாராமுகமாகக் கடந்துபோகும் படித்த வர்க்கத்தினராகிய எம்மையும் பற்றியது.

என் தாய்மாமன் திருகோணமலை உள்துறைமுகப் பகுதியில் மூட்டை சுமந்தவர். துறைமுகத்தின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவந்து வேலையை முடித்துக் கொடுக்கும் ஒப்பந்தகாரர் ஒருவரிடம் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தார். அந்த ஒப்பந்தகாரரின் பெயரை இங்கு எழுதேன். தனியொருவரைத் தூற்றுவது என் நோக்கமன்று. மாமா பள்ளிப்படிப்புக் குறைந்தவர், கணக்கறிவு குறைந்தவரல்லர். பிள்ளைகள் எழுதி மிஞ்சிய ஒரு கொப்பியில் ஒவ்வொரு மாதமும் மூன்று எண்களைக் குறித்து வைத்தார்: உழைத்த தொகை, 'ஈ.பீ.எவ்.' என்று சொல்லிப் பிடித்த தொகை, கையில் வந்த தொகை. சம்பளச் சிட்டை என்றொன்றை அவரும் அவரோடு சுமந்தவர்களும் கண்டதேயில்லை.

ஐம்பத்தைந்து வயது நிரம்பியதும் பீ அட்டையையும் அக்கொப்பியையும் ஒரு பொலித்தீன் பையிலிட்டுக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குச் சென்றார். துணைக்கு நான் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையோடு இருக்கச் சொல்லிப் பொறுமையாகத் தேடிப் பார்த்தார். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே மாமாவின் பெயரிற் பணம் சென்றிருந்தது. எஞ்சிய ஏழு ஆண்டுகள் வெறுமை. மாமா கொப்பியை நீட்டினார். "ஐயா, இது நீங்க எழுதினது. முதலாளிட கையெழுத்து எங்க?" என்று உத்தியோகத்தர் கேட்டார். அவர் கேட்டதிற் பிழையில்லை. அக்கேள்விக்கு எங்களிடம் விடையும் இல்லை.

வீடு திரும்பும் வழியில் மாமா ஒன்றே ஒன்று சொன்னார்: "மருமகன், அவன் எனக்குத் தெரியாமக் களவெடுக்கேல்ல, சொல்லித்தானே எடுத்தான்." இக்குற்றத்தின் இயல்பை இவ்வசனத்தைவிடக் கூர்மையாக எந்தச் சட்டநூலும் வரையறுத்ததாக நான் அறியேன். இருளில் வந்து எடுப்பவன் திருடன். பகலில், பெயர் சொல்லி, கணக்குக் காட்டி, "உன் முதுமைக்காகத்தான்" என்று கூறி எடுத்துவிட்டு, அதைத் தன் தேவைக்குத் திருப்பிக்கொள்பவனுக்கு என்ன பெயர்?

இங்கு ஓர் அடிப்படைக் கேள்வியை எழுப்ப வேண்டியுள்ளது. பிறன் உழைப்பின் பயனிலிருந்து ஒரு பகுதியைப் பிடித்துவைக்கும் அதிகாரம் தொழில்தருநருக்கு எங்கிருந்து வந்தது? அது அவரது இயற்கை உரிமையன்று. அரசு அவருக்கு இரவலாகக் கொடுத்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், கோடிக்கணக்கான கூலியுழைப்பாளரிடம் தனித்தனியே வரி அறவிட இயலாதெனக் கண்ட அரசுகள், சம்பளம் கைமாறும் இடத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறையைப் பொதுவாக்கின. அமெரிக்கா 1943இலும் பிரித்தானியா 1944இலும் இதனை நடைமுறைப்படுத்தின. இலங்கையில் வருமான வரி 1932இன் கட்டளைச் சட்டத்தோடு தோன்றியது. 'உழைக்கும்போதே செலுத்தும் வரி' எனும் ஏற்பாடு பிற்காலத்தில் வந்தது.

அவ்வேற்பாட்டை அரசு 2020 ஜனவரியில் நீக்கியது. அவ்வாண்டு ஏப்ரிலிலிருந்து, ஊழியர் இசைந்தால் மட்டும் பிடிக்கப்படும் முற்பணத் தனிநபர் வருமான வரி அதன் இடத்தைப் பெற்றது. வரிவருமானம் சரிந்தது. 2022 ஏப்ரிலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. 2023 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து பிடித்தல் மீண்டும் கட்டாயமாயிற்று. ஒரு மாதம் பிடித்த வரியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டும். ஆண்டிறுதியிற் பிடித்த தொகைக்குச் சான்றிதழ் வழங்க வேண்டும். தொழில்தருநரின் கை இன்றித் தன்னால் வரி திரட்ட முடியாது என்ற பாடத்தை அரசு இவ்வாறு பெருவிலை கொடுத்துக் கற்றது. அக்கையைத் தன் கையாகப் பயன்படுத்தும் அரசு, அதே கை அதே சம்பளநாளிற் பிடிக்கும் இன்னொரு பணத்தைப் பற்றி 'எமக்கும் இதற்கும் தொடர்பில்லை' என்று கூறமுடியுமா?

அந்த இன்னொரு பணமே ஊழியர் சேமலாப நிதி. 1957 ஒக்டோபரிற் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்துச் சென்றது. அதற்கு அடுத்த ஆண்டில், ரி. பி. இலங்கரத்ன தொழிலமைச்சராக இருந்தபோது, 1958இன் 15ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. ஓய்வூதியமற்ற தொழிலாளிக்கும் முதுமையில் ஒருபிடி சோறு உறுதியாதல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை. இன்று தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கப்படுகிறது. தொழில்தருநர் தம் பங்காக நூற்றுக்கு 12 சேர்த்து, அடுத்த மாத முடிவுக்குள் செலுத்த வேண்டும். 1980இன் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3 தொழில்தருநரே தனியாகச் செலுத்த வேண்டும். நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், நாட்கூலி பெறுவோர் என்ற பேதம் இதில் இல்லை. வேலைக்கு வந்த முதல்நாளே உரிமை பிறந்துவிடுகிறது. எனவே, "நீ அமய ஊழியன், உனக்கு இல்லை" என்று துறைமுக வாசலிற் கூறப்படும் சமாதானம் சட்டத்தின்முன் செல்லாக்காசு.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மாதம் 2,00,000 ரூபா பெறும் உத்தியோகத்தர் ஒருவருக்கு, 2025 ஏப்ரிலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஆண்டுக்கு 18,00,000 ரூபாவுக்கு வரியில்லை. எஞ்சிய 6,00,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 6 வீதம் வரி. மாதக் கணக்கில் அது 3,000 ரூபா. மாதம் 40,000 ரூபா பெறும் மூட்டைத் தொழிலாளியிடம் சேமலாப நிதிக்கெனப் பிடிக்கப்படுவதோ 3,200 ரூபா. ஐந்திலொரு பங்கு சம்பளம் பெறுபவர், பிடிப்பில் அந்த உத்தியோகத்தரை விஞ்சி நிற்கிறார்! முன்னது வரி, பின்னது சேமிப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆனால் பிடித்த பணம் உரிய இடத்தைச் சேராதபோது சேமிப்பு என்ற சொல்லுக்குப் பொருள் ஏது? அப்போது அது வரியினும் கொடிது. வரியேனும் வீதியாகவும் வைத்தியசாலையாகவும் ஓரளவாவது திரும்பி வரும். இதுவோ தனியொருவரின் பணப்பெட்டிக்குச் செலுத்திய கப்பம்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உயர்த்தப்பட்ட வரியை எதிர்த்து வைத்தியர்களும் வங்கி ஊழியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் போராட்டத்தில் இறங்கினர். அஃது அவர்தம் உரிமை. எம் விரிவுரையாளர்கள்மீது எனக்கு வருத்தம் எதுவுமில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாதிருக்க இயலவில்லை. எவ்வளவு பிடிக்கப்படுகிறது, எங்கே செல்கிறது என்பதை ஒரு தாளிற் கண்டவர்களாற்றான் அதை எதிர்த்துக் குரலெழுப்ப முடிந்தது. அத்தாளே காணாதவர்கள் எதைக் காட்டி எதிர்ப்பது? அவர்களுக்காகக் கலாபவனங்களில் எத்தனை கூட்டம் கூடினோம்? எத்தனை துண்டுப்பிரசுரம் எழுதினோம்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். சேமலாப நிதிச் சட்டம் பல்லில்லாதது என்று கூறுவது நேர்மையாகாது. தாமதித்துச் செலுத்துவோர் மிகைக்கட்டணம் செலுத்த வேண்டும். பத்து நாட்களுக்குட்பட்ட தாமதத்துக்கு நூற்றுக்கு 5இல் தொடங்கி, ஓராண்டைக் கடந்த தாமதத்துக்கு நூற்றுக்கு 50 வரை அது ஏறும். தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றுபடுத்தினால், நிலுவையைத் தண்டப்பணம்போல் அறவிடவும் வழியுண்டு. ஆயினும் இவையனைத்தின் அடியிலும் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. தொழில்தருநர் ஒரு கடனாளி, கடனைத் தாமதித்தார், ஆகவே வட்டியோடு கட்டட்டும் என்பதே அக்கருத்து. நான் மறுப்பது அதனையே. கடன் என்பது கொடுப்பவர் மனமிசைந்து கொடுப்பது. என் மாமா எவருக்கும் கடன் கொடுக்கவில்லை. தொழில்தருநரின் பங்காகிய நூற்றுக்கு 12ஐச் செலுத்தாமை கடன்தவறல் என்று ஒருகால் வாதிடலாம். தொழிலாளியின் கூலியிலிருந்து வெட்டியெடுத்த நூற்றுக்கு 8ஐச் செலுத்தாமை கடன்தவறலன்று, நம்பிக்கை மோசடி.

இது மிகைக்கூற்று என்பார், கடலுக்கு அப்பால் நோக்குக. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டமும் அதனை அடியொற்றி எழுந்த 1883இன் எமது தண்டனைச் சட்டக்கோவையும் உடன்பிறந்தவை போன்றன. இந்தியர் 1973இல் தம் சட்டத்தின் 405ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்தனர். வருங்கால வைப்பு நிதிக்கென ஊழியர் சம்பளத்திற் பிடித்த தொழில்தருநர், அப்பணம் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவராகவே கொள்ளப்படுவார். அதனை நிதிக்குச் செலுத்தத் தவறின், நேர்மையீனமாகப் பயன்படுத்தியவராகவே கொள்ளப்படுவார் என்பது அதன் சாரம். பழைய சட்டத்தை நீக்கி 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் 316ஆம் பிரிவில் அவ்விளக்கத்தைக் கைவிடவில்லை. அமெரிக்கச் சட்டமோ, சம்பளத்திற் பிடித்த வரியை அரசுக்கான நம்பிக்கைப் பொருள் என்றே பெயரிட்டு, வேண்டுமென்று செலுத்தாது விட்ட பொறுப்பாளரைத் தனிப்பட்ட முறையிலும் முழுத்தொகைக்கும் பொறுப்பாளியாக்குகிறது. கம்பனியின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒளிய அவருக்கு இடமில்லை. எமது கோவையின் 388ஆம் பிரிவு நம்பிக்கை மோசடியை வரையறுத்து நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இந்தியர் சேர்த்த அவ்விரண்டு வாக்கியங்களை அதன் அடியில் எழுத எமக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஏன் வரவில்லை? தவறுவோர் வரிசையில் அரசும் நிற்பதாலா? அரசுடைமையான பெருந்தோட்ட நிறுவனங்களே தொழிலாளரின் சேமலாப நிதிக்குப் பெருந்தொகை நிலுவை வைத்திருந்தமை பாராளுமன்றத்திற் பகிரங்கமாகப் பேசப்பட்ட விடயம். காவற்காரனே வேலியைத் தாண்டினால், கள்ளனை எவன் கட்டுவான்?

எதிர்த்தரப்பார் கூறும் நியாயங்களையும் ஆராயாது விடல் முறையன்று. முதலாவது: "துறைமுகத் தொழில் நிலையற்றது, கப்பல் வந்தாற் காசு, வராவிட்டாற் பட்டினி. மேலேயுள்ள கம்பனி எங்கள் பட்டியலுக்குப் பணம் தரத் தாமதித்தால் நாங்கள் எங்கே போவது?" இவ்வாதத்தில் உண்மையின் ஒரு துளி உண்டு. ஆனால் அத்துளி சம்பளம் கொடுக்கத் தாமதித்தமைக்கே சமாதானமாகும். சம்பளத்திற் பிடித்ததைச் செலுத்தாமைக்கு ஆகாது. பிடித்தல் நிகழ்ந்தது என்றாலே பணம் வந்துவிட்டது என்பது பொருள். வந்த பணத்தில் தொழிலாளியின் பங்கை ஒதுக்கிவைத்த அக்கணமே அது ஒப்பந்தகாரரின் உடைமையாயிருத்தல் ஒழிகிறது. லொறிக்கு டீசல் அடிப்பதற்கு மாமாவின் முதுமையை ஈடுவைக்க அவருக்கு அதிகாரம் அளித்தவர் யார்?

இரண்டாவது: "தொழிலாளரே பிடிக்க வேண்டாம், முழுவதையும் கையில் தாருங்கள் என்கின்றனர்." உண்மைதான், நானும் கேட்டிருக்கிறேன். ஏன் அவ்வாறு கேட்கின்றனர்? பிடித்தது திரும்பி வராததைத் தம் மூத்தோரிடம் கண்டவர்கள் வேறெதைக் கேட்பர்? நம்பிக்கையைக் கெடுத்தவர்களே நம்பிக்கையின்மையைச் சாட்சிக்கு அழைப்பது விந்தையிலும் விந்தை. அன்றியும், பிடிக்க வேண்டாம் என்றோர் இருப்பாராயின் அது பிடித்துவிட்டுச் செலுத்தாதவருக்கு எவ்வகையில் நியாயமாகும்?

மூன்றாவது: "சிறைக்கனுப்பினால் நிறுவனம் மூடப்படும்; உள்ள வேலையும் போய்விடும்." இவ்வச்சுறுத்தல் பழையது, ஆனால் ஒன்றை மறைப்பது. ஒழுங்காகச் செலுத்தும் ஒப்பந்தகாரர்களும் அதே துறைமுகத்தில் உண்டு. செலுத்தாதவர் தொழிலாளியின் பணத்தை முதலாக்கிக் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் கேட்கிறார், நேர்மையாளர் தோற்கிறார். ஆகவே இன்றைய நிலை காப்பது வேலையை அன்று, ஏமாற்றுபவரின் இலாபத்தை.

குறைகூறி ஒழிதல் எளிது, வழிகூறல் கடன். மூன்று செயல்களை முன்வைக்கிறேன். தண்டனைச் சட்டக்கோவையின் 388ஆம் பிரிவுக்கு இந்தியச் சட்டத்திலுள்ளது போன்ற விளக்கம் சேர்க்கப்படல் வேண்டும். வரியாயினும் சேமலாப நிதியாயினும், சம்பளத்திற் பிடித்தது ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று அது வெளிப்படையாகக் கூறல் வேண்டும். இரண்டாவதாக, நாட்கூலி பெறுவோர் உட்பட எவருக்கும் மாதச் சிட்டை கொடுபட வேண்டும். முந்திய மாதப் பிடிப்பைச் செலுத்திய பற்றுச்சீட்டின் இலக்கம் அச்சிட்டையிற் குறிக்கப்பட வேண்டும். சிட்டை கொடாத தொழில்தருநருக்கு எதிராகத் தொழிலாளி எழுதிவைத்த கொப்பியே முதற்சான்றாக ஏற்கப்பட்டு, அதனைப் பொய்யென நிறுவும் பாரம் தொழில்தருநர்மேற் சுமத்தப்பட வேண்டும். மூன்றாவதாக, துறைமுகத்திலும் அதனைச் சார்ந்த ஆலைகளிலும் ஒப்பந்தகாரரின் பட்டியலுக்குப் பணம் கொடுக்குமுன், அவரது ஆட்களின் நிதி செலுத்தப்பட்டமைக்கான சான்றைத் தலைமை நிறுவனம் கேட்டுப் பெறல் வேண்டும். பெறாவிடின் அப்பொறுப்பு அந்நிறுவனத்தையே சாரல் வேண்டும். இம்மூன்றுக்கும் புதிய வரி வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கடனும் வேண்டியதில்லை.

நான்காவது ஒன்றும் உண்டு. அது பாராளுமன்றத்தின் கையில் இல்லை. இதனைப் படிப்போர் கையில் உள்ளது. மாமாவின் எட்டு வீதத்தை ஏழாண்டுகளாகப் பேரேட்டிற் பதிந்தும் செலுத்தாது விட்ட கணக்குகளை அந்த ஒப்பந்தகாரர் தனியே எழுதியிருக்கமாட்டார். எங்கோ ஒரு மேசையில், படித்த ஒருவர், எம்மைப் போல ஒருவர், அழகிய கையெழுத்தில் அதனை எழுதினார். மாத இறுதியிற் சம்பளம் பெற்று, வீடு சென்று, உறங்கினார். நாளை நாமும் அத்தகைய மேசைகளில் அமர்வோம். கணக்காளராக, நிருவாக உத்தியோகத்தராக, தொழில் அலுவலராக, சிலர் தொழில்தருநராகவே அமர்வோம். கைச்சாத்திடுமுன் ஒருகணம் நிறுத்தி, இப்பணம் யாருடையது என்று கேட்கும் துணிவைத் தராத கலைமாணிப் பட்டத்தாற் பயன் என்ன?

மூதூரிலும் கிண்ணியாவிலும் இஸ்லாமிய முதியவர்கள் பிறர் ஒப்படைத்த பொருளை 'அமானிதம்' என்பர். அதைத் தொட அஞ்சுவர். கோணேசர் கோயிலைச் சூழ வாழ்வோர் அதையே 'அடைக்கலம்' என்பர். சொல் இரண்டு; அறம் ஒன்று. ஒரே துறைமுகத்தில் ஒரே மூட்டையைச் சுமக்கும் இருசாராரும் நன்கறிந்த இவ்வறத்தைச் சட்டப்புத்தகமும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். மாதரியைப் போல எவரும் தீயிற் புகவேண்டியதில்லை. பிடித்ததை உரிய திகதிக்குள் செலுத்திவிட்டு, செலுத்தியமைக்கு ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தாற் போதும்.

மாமா அந்தக் கொப்பியை இன்னும் வீசவில்லை. அலுமாரியில், பீ அட்டையோடு, அதே பொலித்தீன் பையில் இருக்கிறது. அதனைச் சான்றென ஏற்கும் ஒரு நீதிமன்றம் இந்நாட்டில் உண்டாகும் வரை இக்கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.